சென்னையிலிருந்து எம்எல்பி.டிவி: எதற்குக் காசு கொடுக்கலாம், எது இலவசமாகவே போதும்?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலைச் சென்னையில் இருந்தபடி சீசன் முழுக்கப் பின்தொடர, லீக்கே நடத்தும் சந்தா ஸ்ட்ரீமிங் சேவையான எம்எல்பி.டிவிதான் நேர்வழி. 30 அணிகள், ஆளுக்கு 162 ஆட்டங்கள், மொத்தம் 2,430. மார்ச் கடைசியில் ஆரம்பித்தால் செப்டம்பர் முடிய ஏறக்குறைய தினமும் ஆட்டம் உண்டு, அதன் பிறகு அக்டோபர் முழுக்க பிளேஆஃப். அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்கு உள்ளூர் அணியின் ஆட்டத்தையே மறைத்துவிடும் பிளாக்அவுட் தொல்லை பல வருஷப் பழசு. நமக்கு அது கிடையாது. நம் தொல்லை கடிகாரம்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நேரலை பார்க்க மட்டும் இதை வாங்குகிறவர்கள் மே மாதத்துக்குள் விட்டுவிடுவார்கள். ஆட்டம் முடிந்த பிறகு, தனக்குத் தோதான நேரத்தில், இடைவேளைகளைத் தாண்டிப் பார்க்க வாங்கினால் கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லை. நம்பர்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கோ காசே வேண்டாம். இலவசமாகக் கிடைப்பதிலேயே ஒரு சீசனை ஓட்டலாம்.

நேரக் கணக்கைப் பார்ப்போம். சீசன் நடக்கும் மாதங்களில் நியூயார்க்கை விட நாம் 9½ மணி நேரம் முன்னால், சிகாகோவை விட 10½, லாஸ் ஏஞ்சலஸை விட 12½. நியூயார்க் யாங்கீஸ் தங்கள் மைதானத்தில் இரவு 7:05-க்கு ஆரம்பித்தால் இங்கே மறுநாள் விடிகாலை 4:35. ஆவின் பால் பாக்கெட் வாசலுக்கு வரும் நேரம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் தங்கள் மைதானத்தில் 7:10-க்கு ஆரம்பித்தால் இங்கே காலை 7:40. காபி குடித்துக்கொண்டே மொத்தம் ஒன்பதில் முதல் மூன்று இன்னிங்ஸைப் பார்த்துவிட்டு, மீதியை வேலைக்குப் போகும் வழியில் காதில் கேட்கலாம். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் யோசனை: அணியை ஜெர்சி பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஊர் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ், பாட்ரெஸ், மரினர்ஸ், ஏஞ்சல்ஸ் போன்ற மேற்குக் கரை அணிகள் சென்னைக்குத் தோதானவை. அரிசோனாவையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் அவர்களுடைய மாலை 6:40 நமக்கு எப்போதும் காலை 7:10.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. எந்த அணியாக இருந்தாலும் 81 ஆட்டம் சொந்த மைதானத்தில், 81 வெளியூரில். டாட்ஜர்ஸ் கிழக்கே ஒரு சுற்று கிளம்பினால் ஒரு வாரம் பத்து நாள் மறுபடியும் விடிகாலை நாலரைதான். அந்த நாட்களில் நேரலைக்குப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

இரவில் விழித்திருப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டங்கள் கிழக்குக் கரையில் பெரும்பாலும் 1:35-ஐ ஒட்டி ஆரம்பிக்கும், இங்கே ஞாயிறு இரவு 11:05. சேப்பாக்கத்தில் 7:30-க்கு ஆரம்பித்த ஐபிஎல் ஆட்டம் முடிந்த கையோடு இதற்குத் தாவலாம். சிகாகோ கப்ஸ் மைதானமான ரிக்லி ஃபீல்டுக்கு 1988 வரை இரவு விளக்கே கிடையாது. இன்றைக்கும் வேலை நாட்களில்கூட அங்கே பகல் ஆட்டங்கள் அதிகம். 1:20-க்கு ஆரம்பித்தால் நமக்கு இரவு 11:50. இரண்டரை மணி வாக்கில் படுத்துவிடலாம்.

அப்படி நம்பிக்கையாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் 2023-இல் வந்த பிட்ச் கிளாக். பேஸில், அதாவது ஓடிச் சேரும் நிலைகளில், ஆள் இல்லாவிட்டால் 15 நொடிக்குள் பிட்சர் (பந்து எறிபவர்) எறிய ஆரம்பிக்க வேண்டும். ஆள் இருந்தால் முதல் வருஷம் 20 நொடி, 2024 முதல் 18. கடிகாரம் 8-ஐத் தொடும்போது பேட்டர் தயாராக நிற்க வேண்டும். தவறினால் பிட்சருக்கு எதிராக ஒரு பால் (நாலு சேர்ந்தால் பேட்டருக்கு இலவசமாக ஒரு பேஸ்), பேட்டருக்கு எதிராக ஒரு ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்). 2022-இல் சராசரியாக 3 மணி 4 நிமிடம் பிடித்த ஒன்பது இன்னிங்ஸ், 2023-இல் 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியது. ‘பேஸ்பால் இழுவை’ என்று பத்து வருஷம் முன்பு ஒதுக்கியவர்கள் இப்போது ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவது நியாயம்.

ஆப்பில் ஒரு சின்னப் பொறி உண்டு. ஆரம்ப நேரத்தை நம் ஊர் நேரத்தில் காட்டும், ஆனால் அட்டவணை அமெரிக்கத் தேதிப்படிதான் அடுக்கப்பட்டிருக்கும். நமக்குப் புதன் காலை நடக்கும் ஆட்டம் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இருக்கும். புதன் பக்கத்தைத் திறந்து ‘இன்னும் ஆரம்பிக்கவில்லையே’ என்று காத்திருந்தால் ஆட்டம் கைவிட்டுப் போகும். பிளேஆஃப் சமயத்தில் இது இன்னும் முக்கியம். இறுதித் தொடரான உலகத் தொடரின் ஆட்டங்கள் அங்கே கிழக்குக் கரை நேரப்படி இரவு எட்டு மணியை ஒட்டி, இங்கே விடிகாலை ஐந்தரையை ஒட்டி. 2025-இல் டாட்ஜர்ஸும் டொரண்டோ புளூ ஜேஸும் ஆடிய ஏழாவதும் கடைசியுமான ஆட்டம் நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை வாய்த்தது. ஒன்பதில் சமனாகி 11 இன்னிங்ஸ், 5-4, டாட்ஜர்ஸ் கோப்பை. லீவு நாளில், விடியும்போது, இதைவிட நல்ல விளையாட்டு கிடைப்பது அபூர்வம்.

இணைய வேகமும் டேட்டாவும். படம் நொடிக்கு 60 பிரேமில் வரும். பேஸ்பாலுக்கு இது ஆடம்பரம் இல்லை. 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 30 பிரேமில் வெறும் கோடாகத் தெரியும், 60-இல் அது வளைவது கண்ணுக்குப் பிடிபடும். கணக்குப் போட்டால், நொடிக்கு 5 மெகாபிட் இழுக்கும் ஸ்ட்ரீம் மணிக்கு 2¼ ஜிபி தின்னும். ஒரு முழு ஆட்டத்துக்கு 6 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் ப்ரீபெய்டு ரீசார்ஜில் மூன்றாவது இன்னிங்ஸோடு கதை முடியும். ஆகவே படம் பார்ப்பது வீட்டு பிராட்பேண்டில்தான். மழைக்காலத்தில் கேபிள் அறுந்து பிராட்பேண்ட் போகும் நாட்களுக்கு ரேடியோ ஒலிபரப்பு இருக்கிறது. ஒவ்வொரு அணிக்கும் தனி ரேடியோ வர்ணனை உண்டு. 64 கிலோபிட் ஒலிக்கு மணிக்கு 30 எம்பி கூட ஆகாது. தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் சிக்னல் தேய்ந்தாலும் ஒலி அநேகமாக அறுபடாது.

ரேடியோவைச் சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பேஸ்பால் வர்ணனையின் உயிர் ரேடியோவில்தான் இருக்கிறது. டாட்ஜர்ஸின் வின் ஸ்கல்லி 1950 முதல் 2016 வரை 67 சீசன் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தப் பரம்பரையில் வந்தவர்கள் இன்னும் பந்துக்குப் பந்து படம் வரைந்து காட்டுகிறார்கள். ரேடியோவில் கிரிக்கெட் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது உடனே பிடிபடும். படத்திலும் இரண்டு வர்ணனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: உள்ளூர் அணியின் சேனல், வெளியூர் அணியின் சேனல். ஒவ்வொன்றும் தன் அணிக்குச் சாயும். புதியவர்கள் தங்கள் அணியின் சேனலையே வைத்துக்கொண்டால் பெயர்களும் பழைய கதைகளும் ஒரு மாதத்தில் மனசில் பதிந்துவிடும்.

காசு உண்மையில் வேலை செய்யும் இடம் இனிமேல்தான் வருகிறது. ஒன்பது இன்னிங்ஸ் என்றால், இரண்டு அணியும் மாறி மாறி அடிப்பதால், 18 பாதிகள், நடுவே 17 இடைவேளைகள். ஒவ்வொன்றும் 2¼ நிமிடம், ஆக மொத்தம் 38 நிமிடத்துக்கு மேல். நேரலையில் அந்த நேரமெல்லாம் ‘இடைவேளை’ அட்டையையோ விளம்பரத்தையோ முறைத்துக்கொண்டிருக்க வேண்டும். முடிந்த ஆட்டத்தில் அதைத் தாண்டிவிடலாம், 2 மணி 40 நிமிட ஆட்டம் இரண்டு மணியில் முடிந்துவிடும். இன்னிங்ஸ் வாரியாகக் குதிக்கும் வசதியும் உண்டு. அவசரக்காரர்களுக்குச் சுருக்கப்பட்ட ஆட்டம் என்று ஒன்று தருகிறார்கள். ஒவ்வொரு பேட்டரும் எப்படி முடிந்தார் என்ற கடைசிப் பந்தை மட்டும் கோத்து 10–15 நிமிடத்தில் முழு ஆட்டம். டிபன் சாப்பிடும் நேரத்தில் ஒன்று பார்த்துவிடலாம். ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. முதல் ஐந்து பந்துகளில் பிட்சர் எப்படி வலை விரித்தார் என்பது வெட்டப்பட்டு, பேட்டர் விழுந்த ஆறாவது பந்து மட்டும் வருகிறது. யார் ஜெயித்தார் என்பது தெரியும், ஏன் என்பது தெரியாது. நல்ல பிட்சர் எறிந்த நாளில் முழு ஆட்டத்தின் முதல் நாலு இன்னிங்ஸைப் பார்த்துவிட்டு மீதிக்குச் சுருக்கத்தைப் போடுவது சரியான கலவை.

பிறகு பார்ப்பது என்று முடிவு செய்தால் ஸ்கோர் தெரியாமல் காப்பாற்றிக்கொள்வதே பெரிய வேலை. ஆப்பின் அமைப்புகளில் ஸ்கோரை மறைக்கும் தேர்வு இருக்கிறது, முதல் நாளே போட்டுவிடுங்கள். அது ஆப்புக்குள் மட்டும்தான் செல்லும். நோட்டிஃபிகேஷன் வேறு கணக்கு. ஹோம் ரன் (சிக்ஸர் மாதிரி வேலி தாண்டும் அடி), ஆட்ட முடிவு இரண்டையும் தனியாக அணைக்காவிட்டால் காலை அலாரத்தை நிறுத்தப் போனை எடுக்கும்போதே லாக் ஸ்கிரீனில் முடிவு நிற்கும். யூடியூபில் லீக்கின் சேனலைப் பின்தொடர்ந்தால் தம்ப்நெயிலே போட்டுக் கொடுத்துவிடும். அதற்கு எந்த அமைப்பும் இல்லை, ஆட்டம் பார்க்கும் வரை யூடியூப் பக்கம் போகாமல் இருப்பதுதான் வழி. இன்னொன்று பலர் கவனிக்காதது: வீடியோவின் நீளம். 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம் போய், ஃப்ரெடி ஃப்ரீமேனின் ஹோம் ரன்னில் 6-5 என முடிந்தது. இங்கே அப்போது மதியம் பன்னிரண்டு தாண்டிவிட்டது. அந்த வீடியோவைத் திறந்து மொத்த நேரத்தைப் பார்த்தவருக்கு ஒன்பதாவது இன்னிங்ஸில் என்ன பதற்றம் இருக்கும்? டிவியில் பார்க்கும்போது, திறந்தவுடன் ஓட விட்டு, கீழே வரும் நேரப்பட்டை மறையும் வரை கண்ணை எடுத்துக்கொள்வது நல்லது.

நேரலையிலும் இதே வில்லங்கம் வேறு வடிவில் வரும். ஸ்ட்ரீம் மைதானத்தை விட அரை நிமிடமாவது பிந்தி வரும், பந்துக்குப் பந்து விவரம் காட்டும் ஆப்பின் கேம்டே பக்கம் அதற்கு முன்னால் ஓடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பிட்சர் கையைத் தூக்கும் முன்பே முடிவு தெரிந்துவிடும். பார்ப்பதா, படிப்பதா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

படிப்பது என்று நான் சொல்வது இலவசப் பகுதியை. கேம்டேயில் ஒவ்வொரு பந்தும் ஸ்ட்ரைக் பெட்டிக்கு (அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக் ஆகும் எல்லைக்கு) மேல் ஒரு புள்ளியாக விழும். பச்சை என்றால் பால், சிவப்பு என்றால் ஸ்ட்ரைக், நீலம் என்றால் அடிபட்டது. புள்ளியின் எண் எத்தனையாவது பந்து என்று சொல்லும், பக்கத்தில் வேகமும் பந்தின் வகையும் இருக்கும். ஒரு பேட்டருக்கு எறிந்த பந்துகளை வரிசையாகப் பாருங்கள்: உள்ளே உயரமாக வேகப்பந்து இரண்டு, பிறகு வெளியே தாழ்வாக, பக்கவாட்டில் வழுகும் ஸ்லைடர் ஒன்று. திட்டம் கண்முன் விரியும். ஆபீஸில் சத்தம் இல்லாமல் ஆட்டத்தைத் தொடர இதைவிட நல்ல கருவி கிடையாது, டேட்டாவும் பெரிதாகச் செலவாகாது.

இந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் இருப்பது நமக்குப் பழகிய பெயர்தான். டிஆர்எஸ்ஸில் பார்க்கும் அதே ஹாக்-ஐ, 2020 முதல் ஒவ்வொரு மேஜர் லீக் மைதானத்திலும் 12 கேமராவோடு, லீக்கின் பந்து அளக்கும் அமைப்பான ஸ்டாட்காஸ்டை ஓட்டுகிறது. ஆனால் இரண்டு விளையாட்டிலும் அதன் வேலை ஒன்றல்ல. எல்பிடபிள்யூவில் பந்து காலில் பட்டு நின்றுவிடுகிறது, அதன் பிறகு எங்கே போயிருக்கும் என்று ஹாக்-ஐ கணிக்கிறது. கணிப்பு என்பதால்தான் ‘அம்பயர்ஸ் கால்’ என்ற இடைவெளி. பேஸ்பாலில் பந்து, பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்த தட்டைத் தாண்டி உண்மையிலேயே போகிறது. கணிப்பு இல்லை, அளவுதான். அம்பயரின் பால், ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்துக் கேட்க 2026 சீசனுக்கு ஒப்புதல் பெற்ற சேலஞ்ச் முறையில் அம்பயர்ஸ் காலுக்கு இடமே இல்லை. தட்டு 17 அங்குல அகலம். மேல் எல்லை பேட்டரின் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ் எல்லை 27 சதவீதம். பந்தின் ஓரம் இந்தப் பெட்டியை உரசினாலும் ஸ்ட்ரைக். அணிக்கு இரண்டு சேலஞ்ச், சரியாக இருந்தால் கையிலேயே இருக்கும். பிட்சர், கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்), பேட்டர் மூவரில் ஒருவர்தான் உடனே தலையைத் தட்டிக் கேட்க வேண்டும். வெளியில் உட்கார்ந்திருக்கும் கோச் கை காட்டக்கூடாது. டிரெஸ்ஸிங் ரூமைப் பார்த்து ரிவ்யூ கேட்கும் சர்ச்சைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

நம்பர்களின் முழுச் சுரங்கம் பேஸ்பால் சவான்ட் இணையதளம். அதுவும் இலவசம். அங்கே முதலில் இரண்டை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று, மட்டையை விட்டுப் பந்து கிளம்பும் வேகம். 95 மைல், அதாவது 153 கிலோமீட்டர் தாண்டினால் பலமான அடி. இரண்டு, கிளம்பும் கோணம். 10 டிகிரிக்குக் கீழே தரையோடு போகும், 10 முதல் 25 வரை சீறிப் பாயும், அதற்கு மேல் வானத்துக்கு. 98 மைலில் 26–30 டிகிரி என்றால் ‘பேரல்’ என்ற பெயர் வாங்கிவிடும், பெரும்பாலும் ஹோம் ரன்னோ இரண்டு பேஸ் தரும் டபிளோதான். ‘நல்லாத்தான் அடிச்சான், நேரா ஃபீல்டர் கையில போச்சு’ என்று நாம் புலம்புவோமே, அந்தப் புலம்பலை இவர்கள் எண்ணாக்கிவிட்டார்கள். இந்த வேகத்தில், இந்தக் கோணத்தில் அடித்த பந்துகள் வழக்கமாக எத்தனை முறை ஹிட் (அவுட் ஆகாமல் பேஸ் சேர்க்கும் அடி) ஆகும் என்பதை எதிர்பார்ப்புச் சராசரியாகப் போடுகிறார்கள். ஒரு வீரரின் உண்மையான சராசரி அதைவிட மிகவும் கீழே இருந்தால் அநேகமாக அவருக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். கிரிக்கெட் ரசிகர்கள் கையில் இப்படிப் பந்துக்குப் பந்து வேகமும் கோணமும் அளந்து பொதுவில் திறந்துவிட்ட தரவு இல்லை என்பது உண்மையான வருத்தம்.

பொதுவில் திறந்துவிட்டால் ரசிகர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதற்கு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கதை போதும். 2017-இல் அந்த அணி, அடுத்து என்ன பந்து என்று சொல்லும் எதிரணி கேட்சரின் சைகையைக் கேமராவில் திருடி, குப்பைத்தொட்டியைத் தட்டித் தன் பேட்டருக்குத் தகவல் சொன்னது. 2019 நவம்பரில் விஷயம் வெளியே வந்ததும் ஜோம்பாய் என்ற பெயரில் வீடியோ போடுபவர் பழைய ஆட்டத்தின் ஒலியில் அந்த ‘டொம் டொம்’ சத்தத்தைக் காட்ட, அது ஊரெல்லாம் பரவியது. அதோடு நிற்கவில்லை. டோனி ஆடம்ஸ் என்பவர், அவரே ஆஸ்ட்ரோஸ் ரசிகர், ஸ்டாட்காஸ்டில் ஒவ்வொரு பந்துக்கும் இருக்கும் நேர முத்திரையை எடுத்து, யூடியூபில் கிடந்த ஆட்டங்களோடு பொருத்தி, ஒவ்வொரு பந்துக்கும் ஒலி அலைப்படம் போட்டார். 58 ஆட்டங்கள், 8,274 பந்துகள், 1,143 இடங்களில் தட்டல். தன் அணிக்கு எதிராகவே இந்தக் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார். அதற்குச் சற்று முன்பே, 2020 ஜனவரியில், லீக் 50 லட்சம் டாலர் அபராதமும், மேனேஜருக்கும் ஜெனரல் மேனேஜருக்கும் ஒரு வருஷத் தடையும் போட்டது.

லீக் எப்போதும் இத்தனை தாராளமாக இருந்ததில்லை. இரண்டு பந்துகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, ஒரே மாதிரி கிளம்பி வெவ்வேறாகப் பிரிவதைக் காட்டும் ‘பிட்சிங் நிஞ்சா’ கணக்கு 2018-இல் லீக்கின் காப்புரிமைப் புகாரால் ட்விட்டரில் முடங்கியது. ரசிகர்கள் கொதித்த பிறகு மீண்டது. 2020-இல் லீக்கே ஃபிலிம் ரூம் என்ற இலவச வீடியோத் தேடலைத் திறந்தது. பிட்சர், பேட்டர், பந்து வகை, முடிவு என்று சலித்து வேண்டிய துண்டை எடுக்கலாம். 2024 செப்டம்பரில் டாட்ஜர்ஸின் ஒட்டானி மயாமியில் 6 முறை ஆடி 6-உம் ஹிட்டாக்கி, 3 ஹோம் ரன், 2 ஸ்டீல் (பேஸ் திருட்டு), அணிக்கு 10 ரன் சேர்த்து, ஒரே சீசனில் 50 ஹோம் ரன், 50 ஸ்டீல் என்ற 50-50-ஐத் தாண்டிய ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டி நடந்தது. அதன் ஒவ்வொரு அடியையும் அங்கே தனித்தனியாகப் பார்க்கலாம். சீசன் சந்தாவை யோசித்துக்கொண்டிருப்பவர்கள் முதலில் ஒரு மாதம் கேம்டே, சவான்ட், ஃபிலிம் ரூம் மூன்றையும் இலவசமாகப் பழகட்டும். அவர்களில் பலருக்கு அதுவே போதும் என்று தோன்றும்.

வாங்குவது என்று முடிவானால் சில வேலைகள் இருக்கின்றன. விலை டாலரில். தமிழ் வர்ணனையோ இந்திய விலையோ எதிர்பார்க்க வேண்டாம். சீசன் நகர நகர வருஷச் சந்தாவின் விலை குறையும், ஆகவே பிளேஆஃபுக்காக மட்டும் வாங்குகிறவர்கள் ஆகஸ்ட் வரை காத்திருப்பது லாபம். பணம் கட்டும் முன் பிளேஆஃப் ஆட்டங்கள் இந்தியாவுக்குச் சேர்த்தியா என்று அந்த வருஷத்து விதிமுறைப் பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். 2020 மார்ச்சுக்குப் பிறகு கொடுக்கப்பட்ட கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆரம்பத்திலேயே அணைந்திருக்கும். வங்கி ஆப்பில் அதைத் திறந்து, வரம்பையும் வைக்காவிட்டால் பணம் மறுக்கப்படும், காரணமும் தெளிவாக வராது. டாலர் விலைக்கு மேல் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. சந்தா அடுத்த வருஷம் தானாகப் புதுப்பிக்கும் வகை. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி தானாக எடுக்கும் பணத்துக்கு முன்பே பதிவும் ஒப்புதலும் வேண்டும் என்பதால் இந்திய கார்டில் அது பல நேரம் தடுக்கப்படும், ஆனால் அதை நம்பி இருக்கக்கூடாது. புதுப்பிப்பு சீசனுக்கு முன்பே, பிப்ரவரி-மார்ச் வாக்கில் வரும். உலகத் தொடர் முடிந்த வாரமே கணக்குப் பக்கத்தில் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து, உறுதி செய்யும் மெயில் வந்ததா என்று பார்த்துவிடுங்கள். ஆப் ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால் ரத்தும் அங்கேதான், எம்எல்பி கணக்கில் அந்தப் பொத்தானைத் தேடிப் பயனில்லை.